ஒன்பதாம் அளவு

பிலோமினாவின் கணவர் அந்தோனியின் அடக்கத்துக்காக, மகன் ஷெல்டன் அவளுடைய போனிலேயே கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி ஓடர் செய்தான். எட்டாம் அளவு. அதன் பிறகு போனிலிருந்த அந்தக் கடையின் அப் அவளுக்குத் தினமும் ஆண்களின் சப்பாத்துகளையே சிபாரிசு செய்தது.

"செத்த மனிசனுக்கு இன்னும் எத்தின சோடி வேணுமாம்?" என்று எரிந்து விழுந்தாள்.

"அது மெஷின், அம்மா. வாங்கினதுதான் அதுக்குத் தெரியும். செத்தது தெரியாது," என்றான் ஷெல்டன்.

ஒரு நாள் அதே கறுப்புச் சப்பாத்து மறுபடி வந்தது. இம்முறை ஒன்பதாம் அளவு. 'முன்பு வாங்கியது இறுக்கமாக இருந்ததால்' என்று கீழே எழுதியிருந்தது.

பெட்டியில் கிடந்த அந்தோனியின் வீங்கியிருந்த கால்களை அந்த எட்டுக்குள் திணித்தவள் பிலோமினாதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதை வாங்கினாள். ஷெல்டனுக்குத் தெரியாமல் மாதம்பிட்டிச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்க் கல்லறையில் வைத்தாள்.

"இதைப் போட்டுப் பாருங்கோ," என்றாள்.

மறுநாள் அப்பில் சப்பாத்து ஒன்றுகூட இல்லை. கொட்டாஞ்சேனையில் விடியற்காலையிலிருந்தே மழை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளுக்கு, ஆண்களுக்கான குடைகள் வரிசையாக வந்தன.

பெரிய குடையாகப் பார்த்து ஓடர் செய்தாள்.