மேல்மூடி

என் தம்பி போர்க்களத்தில் டாங்கியை விட்டு இறங்காமல் உள்ளேயே எரிந்து மாண்டவன். குதித்து ஓடிவிட்டான் என்று சொன்னவர்களின் வாசலை நான் மிதிப்பதில்லை.

என் மகன் ரிமோட்டில் ஓடும் ஒரு பொம்மை டாங்கியை வாங்கிப் பிரித்து, பீரங்கியை நீட்டி, சித்தப்பாவின் டாங்கியாகவே மாற்றினான். உள்ளே ஒரு சிப்பாய் பொம்மையை உட்காரவைத்து, மேல்மூடியைப் பசையிட்டு ஒட்டினான்.

காலையில் மூடி திறந்து கிடந்தது. பொம்மையைக் காணவில்லை.

"அப்பா, நீங்க எடுத்தீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையாடா? உன் பசையும் உன்னை மாதிரிதான், எதுலயும் ஒட்டாது."

"அப்போ சித்தப்பா இறங்கி ஓடிட்டார் போல" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. வேறொரு பொம்மையை வைத்து நானே ஒட்டினேன். பசை காயும்வரை மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மூடி மெல்லச் சுடத் தொடங்கியது. நான் விரலை எடுக்கவில்லை.