ஆறு ஓம் அதிகம்

"பாவம், இழுத்துக்கிட்டுக் கிடக்குது இது," என்றார் லூபென், இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து. கை நாடி பிடித்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பெட்டி கல்லுப் போல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கார்லோவோ பேருந்து நிலையத்தை ஒட்டிய அவருடைய பழுது பார்க்கும் கடைக்கு நெவேனா இப்படித்தான் வியாழன்தோறும் வருகிறார். கணவர் போன பிறகு கசான்லக்கிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தவர். வந்தால் முக்காலியில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பார். பாலாடைக்கட்டி வைத்துத் தானே சுட்ட பனித்சாவை எடுத்து இருவருக்கும் வெட்டி வைப்பார்.

மனைவி இல்லாத லூபெனுக்கு வாரத்தில் அது ஒன்றுதான் பண்டிகை. அதனால் மீட்டர் நல்லதைக் காட்டினாலும் வாய் கெட்டதைத்தான் சொல்லும். காசு மட்டும் வாங்கமாட்டார்.

"வோல்ட் இருநூத்து முப்பது. ஆம்பியர் அஞ்சு. வகுத்தா அம்பத்திரண்டு ஓம் வருது. ஆறு அதிகம்! உள்ள கம்பிச்சுருள் கிழடு தட்டிடுச்சு. அடுத்த வியாழன் கொண்டாங்க, பார்ப்போம்."

"அடக் கடவுளே, ஆறா!" என்றார் நெவேனா, வாய் நிறைய பனித்சாவோடு.

அப்போது கசான்லக் பேருந்தின் ஓட்டுநர் ஸ்தோய்கோ வாசலைக் கடந்தான். மீசை நரைத்த ஆள். நெவேனாவைக் கண்டதும் வாயிலிருந்த சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு விறைப்பாக நடந்தான். 'இவனுக்கும் ஒரு கண்ணா?' என்று லூபெனுக்கு வயிறு எரிந்தது.

"இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல லூபென்." நெவேனா பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். "ஜெர்மனிலேர்ந்து பையன் புது இஸ்திரிப் பெட்டி அனுப்பிட்டான். இது நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அந்தக் கிழட்டைத் தூக்கிப் போட்டுடலாம். நானும் வாராவாரம் அலைய வேண்டாம்."

லூபென் பாதிக் காப்பியை அப்படியே கீழே வைத்தார். புதுசைச் செருகினார். மீட்டர் முள் பிசகாமல் பத்து ஆம்பியரில் நின்றது. பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த இரண்டாயிரத்து முந்நூறு வாட் அப்படியே வந்தது. படுபாவிகள், குறை சொல்ல ஒரு இடுக்கு வைக்கவில்லை.

"ஐயையோ!" என்றார். "இருநூத்து முப்பது வோல்ட், பத்து ஆம்பியர். வகுத்தா பதினெட்டு ஓம்தான் வருது! பெருக்கினா மூவாயிரம் வாட்டுக்கு மேல இழுக்குது! வீட்டையே கொளுத்திடும்ங்க இது. இங்கேயே விட்டுட்டுப் போங்க. வியாழன் வியாழன் வந்து நீங்களும் கூட இருந்து பார்க்கணும்."

நெவேனா கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக லூபெனை ஒரு பார்வை பார்த்தார். காரணம் தெரியாமலே லூபென் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இருபத்து மூணு," என்றார் நெவேனா.

"எ... என்னது?"

"நாப்பத்தாறை அம்பத்திரண்டுன்னு சொன்னப்பல்லாம் பொறுத்துக்கிட்டேன். இருநூத்து முப்பதைப் பத்தால வகுக்கக்கூடவா தடுமாறுவீங்க? என்கிட்ட பிசிக்ஸ் படிச்சப்போ அந்த ஸ்தோய்கோகூட இவ்வளவு மோசம் இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, ட்யூஷன் எடுக்கறேன்!"