அழகுத்தாயின் இடது தோள்

“மறுபடியும் கழண்டுருச்சா?”

“ஆமாய்யா” என்றாள் அழகுத்தாய்.

பதினாறு வயது. கொழுந்து எடுக்கிறவள். போன மழையில் கூடையோடு சரிவில் உருண்டதிலிருந்து அவளுடைய இடது தோள் மூட்டு அடிக்கடி நழுவிவிடும்.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலை எஸ்டேட்டில் நான்தான் கம்பவுண்டர். அவள் கையைப் பிடித்து ஒரே இழு, மூட்டு ‘டக்’கென்று உட்கார்ந்துவிடும். அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிவேன். எஸ்டேட்டே என் கைராசியைப் பேசுவதாக நினைப்பு. பேசியது நான் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணோடு துணைக்கு ஒருத்தியை அனுப்புவது வழக்கம். அழகுத்தாயோடு எப்போதும் அடுத்த வீட்டு ராமுத்தாய் வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

வாரம் ஒருமுறை நழுவிய தோள், தினமும் நழுவ ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மூணாறிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். தோளை அசைத்துப் பார்த்தார்.

“ஆபரேஷன் பண்ணி மூட்டைத் தைக்கணும். இப்படியே விட்டா கை விளங்காமப் போயிடும். நாளைக்கே வந்து படுத்துடு.”

“நாளைக்கு வேண்டாய்யா.”

“பயமா?”

நான் முந்திக்கொண்டேன். “டிமிக்கி, டாக்டர்! இவளே கழற்றிக்கிறா. தோள் சரியாயிட்டா மலை ஏறணுமே!”

டாக்டர் மெச்சுவார் என்று, கை தானாக மீசைக்குப் போனது.

“நிஜமாம்மா?”

“நெசந்தான்யா. மொதல்ல தானா நழுவுச்சு. இப்ப நானே திருப்பிக்கிடுதேன்.”

“வலிக்காதா?”

“உசுரு போயிரும்.”

“பின்னே ஏன்?”

அவள் வெளியே பெஞ்சைப் பார்த்தாள். ராமுத்தாய் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“அக்காவுக்கு லீவுச் சீட்டு கெடைக்கலய்யா. எனக்குத் துணையா வந்தாத்தான் உக்கார முடியுது. அவ பெத்துப் பொழைக்கட்டும். பொறவு எப்ப வேணாலும் வெட்டுங்க.”

“சீட்டு இல்லைன்னு சொன்னது யார்?”

அழகுத்தாய் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நெனப்பில்லய்யா.”

அந்த எஸ்டேட்டில் லீவுச் சீட்டு எழுதுகிற கை ஒன்றுதான். அது அப்போது என் மீசைமேல் இருந்தது.