பெற்றதும் எடுத்ததும்

கார்காலம் முடிகிறது. பொழிந்து தீர்ந்த வானம் சாம்பல் பூத்துக் கிடக்க, ஈரம் உலராத சுவர்களில் மாலையொளி தயங்கித் தயங்கி இறங்குகிறது. நிறைமாதக்காரி மருத்துவமனைக்கான துணிகளை மடித்துப் பையில் அடுக்குகிறாள். மூத்த மகளை அறுவையில் எடுத்தபோது வயிற்றில் இட்ட தையல் மெலிந்துவிட்டது, வலி எடுத்தால் பிளக்கக்கூடும், இம்முறையும் அறுவையே நல்லது என்று காலையில் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முடிவை நாளை சொல்ல வேண்டும். அறுவை என்றே சொல்ல எண்ணியிருக்கிறாள். எதிரே மாமியார் ஆரஞ்சுப்பழம் உரிக்கிறாள்; தோல் அறாமல் ஒரே சுருளாய் இறங்குகிறது.

“எனக்கு நாலும் சுகப்பிரசவம். காலையில துணி துவைச்சேன், மத்தியானம் பெத்தேன்.”

“தையல் மெலிசா இருக்காம், அத்தை.”

“கத்தி வச்சிருக்கறவங்க வேற என்ன சொல்லுவாங்க? மூத்ததை நீ எங்கடி பெத்த? அவங்க எடுத்துக் குடுத்தாங்க, நீ வாங்கிக்கிட்ட.”

காலடியில் பொம்மைக்குத் தலைவாரும் சிறுமி நிமிர்கிறாள். “அப்ப என்னை யாரும்மா பெத்தாங்க?”

மாமியார் குலுங்கிச் சிரித்து, ஒரு சுளையை அந்த வாயில் ஊட்டுகிறாள். நிறைமாதக்காரியின் கை அடிவயிற்றுத் தழும்பின்மேல் போய் நிற்கிறது.

“வலி வரட்டும்னு காத்திருக்கேன்னு சொல்லிடறேன், அத்தை.”

மாமியார் கைகழுவி வந்து விளக்கேற்றுகிறாள். கண்மூடிக் கைகூப்பி நிற்கையில் அவள் இமையோரம் மெய்யாகவே நனைகிறது. பழமணம் மாறாத அந்தக் கை மருமகளின் உச்சியில் படிகிறது.

“இந்தத் தடவையாவது சுகமா நீயே பெத்துக்க, தங்கம். நல்லா இரு.”