தோட்டத்துக்கு வந்த பஸ்

மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துக்கு பஸ் விடச் சொல்லி, இரண்டு வருஷமாக மாவட்ட மன்றத்துக்கு நடையாய் நடந்தவள் புஷ்பவள்ளி.

“ஆள் கம்மி. கட்டுப்படி ஆகாது லா,” என்றார் கவுன்சிலர்.

“தீப்பெட்டி வாங்கினாக்கூட நாங்களும் வரி கட்டுறோம் சார். வலி கண்ட பொண்ண லோரியில ஏத்திக்கிட்டுப் போறோம். அந்த வரிப்பணத்துல எங்களுக்கு ஒரு பஸ் ஓடக் கூடாதா?”

கடைசியில் மன்றச் செலவிலேயே பஸ் வந்தது. தோட்ட மானேஜர் சிவானந்தம், யாரும் கேட்காமலே, பஸ் திரும்புவதற்கு இடம் ஒதுக்கித் தந்தார். தொழிலாளர் லயத்துப் பெண்கள் பஸ்ஸுக்கு ஒரு மாலையும் புஷ்பவள்ளிக்கு ஒரு மாலையும் போட்டார்கள்.

மறுநாள் மானேஜர் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“நல்ல காரியம் செஞ்சீங்கம்மா. இனி யாருக்கு என்னன்னாலும் நேரா டவுன் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்.”

“அதுக்குத்தான் சார் அலைஞ்சேன்.”

“அப்புறம் தோட்டத்துல கிளினிக் எதுக்கு? கம்பெனிக்கு வீண் செலவு. இந்த மாசத்தோட மூடுறேன்.”

“இருட்டினா பஸ் ஓடாதுங்களே சார்!”

“அத மன்றத்துல கேளுங்க. நீங்கதான் நல்லாக் கேக்குறீங்களே!” என்று சிரித்தார் மானேஜர். “மருந்து குடுக்குற டிரசருக்கும் இனி இங்க வேலை இல்ல. தோட்டத்து வீட்டையும் அவர் காலி பண்ணணும். நீங்களே சொல்லிடுங்க.”

அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

“என்ன புஷ்பா, மானேஜர் ரொம்பப் பாராட்டினாரா?” என்று பெருமையோடு கேட்டார், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கிளினிக்கில் டிரசராக இருக்கும் அவள் கணவர் தங்கராஜு.