எஞ்சின் நின்ற பிறகு

நாலு நாளாக அந்தத் திமிங்கிலக் குட்டி ஜெறோமின் படகைத் தேடி வந்துகொண்டிருந்தது. எஞ்சினை ஓடவிட்டபடி நின்றால் போதும், பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு நிற்கும். அவன் படகுக்கு ராசி என்றார்கள். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் அதில் ஏறத்தான் போட்டி போட்டார்கள். ஐந்தாம் நாள் வந்த ஒரு டீச்சர் கேட்டார்: "தம்பி, இதின்ட தாய் எங்க?"

ஜெறோம் சுற்றிப் பார்த்தான். எட்டுப் படகுகள் உறுமிக்கொண்டு நின்றன. "இந்தச் சத்தத்துக்குள்ள தாய் கூப்பிட்டாலும் இதுக்குக் கேக்காது, டீச்சர்." சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. எஞ்சினை நிறுத்தினான். மற்றப் படகுகளைப் பார்த்துக் கைகாட்டினான், கத்தினான். முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக அவையும் அடங்கின. கடல் இவ்வளவு அமைதியானது என்பதை அவன் மறந்தே போயிருந்தான். இனித் தாயின் குரல் கேட்கும், குட்டி போய்விடும் என்று காத்திருந்தான். குட்டி போகவில்லை. படகின் பின்பக்கம் வந்து, நின்றுபோன எஞ்சினைத் தலையால் முட்டியது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் அதே இடத்தில் முட்டியது, மெதுவாக, தூங்குகிறவளை எழுப்புவதுபோல.

"என்னத்தைத் தேடுது, தம்பி?"

ஜெறோம் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றிலிருந்து கையை எடுத்துத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். தூரத்தில், துறையிலிருந்து புதிதாக ஒரு படகு கிளம்பி வருகிற சத்தம் கேட்டது. குட்டி முட்டுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பியது.