வலது கண் மட்டும்

கண்ணீரைக் கண்ணில் விட்டுக்கொண்டுதான் அக்கா அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். கையில் ஆரஞ்சுத் தட்டு. கன்னத்தில் ஈரமாக இரண்டு கோடு.

"இன்னும் உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?" என்றார் பெரியப்பா.

"சொட்டு மருந்து பெரியப்பா. கண்ணு காய்ஞ்சு போற வியாதி எனக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடலைன்னா மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும்."

"ஓ, கண்ணீர் கடையிலயும் கிடைக்குதா? அப்பன் செத்த அன்னைக்கு ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருக்கலாமே."

மூன்று வருஷமாக இதே பேச்சுதான். அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது, கண் நனையவில்லை. கண்ணீர்ச் சுரப்பி வறண்டுவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பியோ டீ டம்ளரும் கையுமாக உட்கார்ந்து பொலபொலவென்று கண்ணீர் விட்டான். "பிள்ளைன்னா இவன் பிள்ளை. இவ கல்லு" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவர் இதே பெரியப்பாதான். அம்மாவும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டோடு போய்விட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வேலையே கண்ணீரை அளப்பது. கீழ் இமையில் காகிதத் துண்டைச் செருகி, ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பாள். போன வருஷம் தம்பிக்கும் அளந்தாள். அப்போது தெரிந்துகொண்டதை இன்றைக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள். கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே புளிக்கிற ஆரஞ்சாக வாங்கி வந்திருந்தாள்.

"சாப்பிடுடா" என்று தம்பியின் முன்னால் தட்டை வைத்தாள்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒரு சுளையை எடுத்து, நாரையும் கொட்டையையும் நீக்க ஆரம்பித்தான். அக்கா பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சுத்தி வளைக்கல பெரியப்பா. அம்மா இன்னைலேருந்து என்கூட இருக்கட்டும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"ஏன், அவன்கிட்ட என்ன குறை?"

"குறைன்னு சொன்னேனா? எனக்கும் அவ அம்மாதானே."

பெரியப்பா தம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்றே?"

அவன் விரலெல்லாம் சாறு. தலையைக் குனிந்து சட்டையின் தோளில் ஒரு கண்ணைத் துடைத்தான். மறு தோளில் மறு கண்ணை.

"பாத்தியா? பேச்சை எடுத்ததுமே பிள்ளை கரைஞ்சு போறான். இவன்கிட்டேருந்து எப்படிம்மா பிரிக்கிறது?"

இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். அக்கா சிரித்தாள்.

"அது பாசம் இல்ல பெரியப்பா. ஆரஞ்சு."

"என்ன உளர்றே?"

"நாலு வருஷம் முன்னாடி இவனுக்கு முகவாதம் வந்து வலது பக்கம் கோணிச்சே, ஞாபகம் இருக்கா? கெட்டுப்போன நரம்பு திரும்ப வளரும்போது வழி தப்பிடுச்சு. எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குள்ள போயிருக்கு. சாப்பிட்டா நமக்கு வாய் ஊறும். இவனுக்கு வலது கண்ணு ஊறும். பிஸ்கட்டுக்கும் அழுவான், பப்பாளிக்கும் அழுவான்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னியேக்கா" என்றான் தம்பி மெதுவாக.

"நீ சொன்னியாடா? எல்லாரும் என்னைக் கல்லுன்னு சொன்னப்ப, 'இது அழுகை இல்ல, டீ'ன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னியா?"



"ஏண்டா, அப்போ அன்னைக்கு..." என்று தம்பியைப் பார்த்து இழுத்தார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா. அன்னைக்கு அது டீதான்" என்றான் தம்பி.

"அந்த டம்ளரை அவன் கையில திணிச்சதே நீங்கதான்" என்றாள் அக்கா. "திணிச்சிட்டு, கட்டிப் பிடிச்சு நீங்களும் கூட அழுதீங்க."

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை அவருக்கு. "ஏமாந்துட்டேன்மா. உன்னைப் போய் என்னவெல்லாமோ சொல்லிட்டேன்."

மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் விட மனசில்லை.

"இப்பவும் அந்தச் சுளையைத் துப்பச் சொல்லுங்க பெரியப்பா. அழுகை தானா நிக்கும்."

தம்பி மறுபடியும் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அட, சீ" என்றார் பெரியப்பா அவனைப் பார்த்து. பிறகு அம்மாவிடம் திரும்பினார். "கேட்டியாம்மா? இனிமே நீ பொண்ணு வீட்டுலயே இரு. என்ன சொல்றே?"

அதுவரை வாயே திறக்காத அம்மா, 'கொஞ்சம் பொறு' என்பதுபோல் கையைக் காட்டினாள். அவளுடைய ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சுளை என் வாயிலதான்டி இருக்கு."